என் தம்பியை மயக்கியவள்

கல்யாணப் பேச்சில் 'மயக்கிட்டா' என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காமல் திரிந்தபோது, அவருடைய சொந்தக்காரர்கள் 'பொண்ணு மயக்கிட்டா' என்றார்கள். நானும்தான் அவரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரிந்தேன். அதற்கு யாராவது 'மாப்பிள்ள மயக்கிட்டாரு' என்றார்களா? 'புருசன் மேல எவ்ளோ பாசம்' என்றார்கள். ஆசை ஒன்றுதான். பெண்ணுக்கு வந்தால் பாசம், பையனுக்கு வந்தால் பில்லிசூனியம். நல்ல நியாயம் லா இது!

இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. சண்டைக்காரியைத்தானே நாம் நன்றாகக் கவனித்து வைத்திருப்போம், அப்படித்தான் இதையும் கவனித்து வைத்திருக்கிறேன். கைக்குழந்தை பொக்கை வாயைக் காட்டினால் 'சிரிச்சே மயக்குறான் பாரு' என்போம். அங்கே அது கொஞ்சல். சந்தையில் ஒருவன் நமக்கு வேண்டாத தோசைக்கல்லை நம் தலையில் கட்டிவிட்டால் 'பேசியே மயக்கிட்டான்' என்போம். அதில் பாதி பாராட்டு, பாதி வயிற்றெரிச்சல். ஆனால் கல்யாண வயதில் பையன் இருக்கிற வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டால் தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சொக்குப்பொடி போட்டுட்டா. மருந்து வச்சிட்டா. வசியம் பண்ணிட்டா. முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிட்டா. கல்யாணமும் முடிந்திருந்தால் தலையணை மந்திரம். இதெல்லாம் போதாதென்று மலாய்க்காரர்களிடமிருந்து 'புக்காவ்' வேறு. ஆளைப் பார்வையாலேயே மயக்கிக் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறவனைப் பற்றி அவர்கள் சொல்கிற சொல் அது. எங்கள் தெருவில் அதையும் மருமகள் தலையில்தான் வைப்பார்கள்.

சொக்குப்பொடியை நான் இந்த வயதுவரை கண்ணால் கண்டதில்லை. அது என்ன நிறம் என்று ஒருமுறை அம்மாவிடமே கேட்டேன்.

"தெரியாம போடுறதுதானேடி பொடி. நெறம் தெரிஞ்சா எவன் திம்பான்?" என்றார்.



நாங்கள் ஜொகூரில், தம்போய் என்கிற இடத்தில் இருக்கிறோம். அம்மாவும் தம்பியும் பழைய வீட்டில்; நான் என் குடும்பத்தோடு இரண்டு தெரு தள்ளி. அப்பா போன பிறகு அம்மாவுக்கு உலகமே அடுப்படியும் தம்பியும்தான். தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற வேலை. அவன் வருகிற நேரத்துக்குக் குழம்பு கொதிக்க வேண்டும், அவன் உட்காருகிற நேரத்துக்குச் சோறு ஆவி பறக்க வேண்டும். அம்மாவின் நெத்திலிக் கருவாட்டுப் புளிக்குழம்பு இருக்கிறதே, அதற்காகவே மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நான் அங்கே போனதுண்டு. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் தானே தட்டிப் பார்த்து வாங்கி வந்த மண்சட்டியில்தான் அதை வைப்பார். இறக்குகிற சமயத்தில் அதில் என்னவோ ஒன்றைத் தூவுவார். அந்த நேரம் பார்த்து என்னை 'கொடியில துணி காயுது, எடுத்துட்டு வா' என்று விரட்டிவிடுவார். பெற்ற மகளுக்கே சொல்லாத பொடி அது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் பொடி போட்டுக்கொண்டிருந்தவர் அம்மா ஒருவர்தான்.

ஆனால் சாப்பாட்டை வாய்விட்டுப் புகழ்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். தட்டு காலியாக இருந்தால் நன்றாக இருந்தது என்று அர்த்தம். மிச்சம் இருந்தால் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரும். அம்மாவும் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிடுவார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் தம்பி தன் மோட்டார் சைக்கிளை அம்மா வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். மோட்டாரில் போனால் பத்து நிமிஷம். பஸ்ஸோ ஊரெல்லாம் ஆளை ஏற்றிக்கொண்டு தம்போயைச் சுற்றி வலம் வரும். ஏனடா என்றால் மழை என்றான். மழை நின்ற பிறகு வெயில் என்றான். மழையுமில்லை வெயிலுமில்லை, அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் ஒரு பெண், மெர்சிங்கிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறவள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிய வந்தபோது, முதலில் வாயிலிருந்து வந்த சொல் அதுதான்.

"மயக்கிட்டா! மோட்டார்ல போறவனை பஸ்ல ஏத்திட்டாளே, இதுக்கு மேல என்னா அத்தாச்சி வேணும்?"

"ஊசி எடம் குடுக்காம நூல் நொழையுமாம்மா?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"எம்புள்ள ஊசியா? அவன் பால் குடிக்கத் தெரியாத பூனை!"

முப்பது தாண்டிய பூனை அறைக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

சர்ச்சுப் பெண் என்பது அம்மாவுக்குப் பெரிய குறையில்லை. எதிர் வீடும் சர்ச்சு வீடுதான். கிறிஸ்துமஸ் கேக் வந்தால் தனக்கு இனிப்புநீர் வியாதி இருப்பதையே மறந்துவிட்டுச் சாப்பிடுவார். பஸ் ஓட்டுகிறாள் என்பதும் குறையில்லை. அம்மாவே வேலை செய்து எங்களை வளர்த்தவர். குறை வேறு. தம்பிக்குப் பெண் பார்க்கிற வேலையை அம்மா தன் கடைசிப் பெரிய வேலையாக வைத்திருந்தார். அதை அவரைக் கேட்காமலே ஒருத்தி முடித்துவிட்டாள். மகன் தானாகவே ஆசைப்பட்டான் என்று ஒப்புக்கொண்டால் நெஞ்சு வலிக்கும். ஒருத்தி மயக்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டால் மகன் மகனாகவே இருப்பான். அந்தச் சொல் எங்கள் வீடுகளில் இத்தனை காலம் செத்துப்போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அடுத்து வந்தது மருந்து எடுக்கிற வைபவம். யாராவது சோற்றில் மருந்து வைத்து மயக்கியிருந்தால் அதை வயிற்றிலிருந்து எடுக்கிற ஆட்கள் உண்டு என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை அம்மா தம்பியை அப்படி ஒருவரிடம் அழைத்துப் போனார். தம்பியும் மறுபேச்சுப் பேசாமல் போனான். அவர் வயிற்றைத் தடவி, பச்சைச் சாறு ஒன்றை ஒரு குவளை நிறையக் கொடுத்துக் குடிக்க வைத்தார். தம்பி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். கறுப்பாகக் கட்டிகட்டியாக என்னவோ வந்தது. "பாத்தீங்களா? மருந்து!" என்றாராம் அவர். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார்.

தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா, அது காலைல கடையில குடிச்ச புளுட் ஈத்தாம்," என்றான்.

தேங்காய்ப்பால் ஊற்றிய கறுப்புப் புட்டரிசிக் கஞ்சி. ஜொகூரில் பாதிப் பேர் காலையில் அதைத்தான் குடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏண்டா அங்கயே சொல்லல?"

"அம்மா மூஞ்சப் பாத்தேன். அவ்ளோ நிம்மதி. எப்டிக்கா சொல்றது?"

அந்த நிம்மதி திங்கட்கிழமை காலை போய்விட்டது. தம்பி குளித்து முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்று சாயங்காலம் அம்மா கூச்சல் போட்டபோது அவன் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அம்மா, நீங்க வந்து ஒக்காராம நான் தாலி கட்டமாட்டேன். அவளத் தவிர வேற யாருக்கும் கட்டமாட்டேன். நீங்க வேணாம்னா இப்படியே இருந்துர்றேன். வேற பேச்சு இல்ல."

சொன்னதைச் செய்கிறவன் அவன். அம்மாவும் அப்படித்தான், அதுதான் பயமே. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. அவன் ஒண்டிக்கட்டையாகவே நரைத்துப் போவான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடுவார், அந்த மெர்சிங் பெண் எவ்வளவு நாள்தான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு காத்திருப்பாள் என்றெல்லாம் எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் அம்மா என்னை ஒற்றுவேலைக்கு அனுப்பினார். நான் தம்போயில் ஒரு லாரி, பஸ் பட்டறையில் முன்மேசையில் உட்காருகிறவள். வண்டி தயாராகவில்லை என்று கத்துகிறவர்கள், தள்ளுபடிக்காகத் தேனாகப் பேசுகிறவர்கள், 'அக்கா நீங்க இன்னைக்கு அழகா இருக்கீங்க' என்று பல்லைக் காட்டுகிறவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. யார் பேச்சும் என்னிடம் எடுபடாது. அந்தத் தொழிற்சாலை பஸ்களும் எங்கள் பட்டறைக்குத்தான் வரும்.

"நீதான் யாருக்கும் மயங்கமாட்ட. அவ வந்தா நல்லாப் பாரு. என்னா பேசுறா, எப்படிப் பாக்குறான்னு பாரு. ஆனா அவ கையால எதையும் வாங்கித் திங்காத. கை நனைச்சிராத!"

கை நனைப்பது என்பது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. சம்பந்தம் பேசப்போகிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை சாப்பிட மாட்டார்கள். தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து வருகிற ரோஷக்காரர்கள் உண்டு. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சை மாற்ற முடியாது. பட்டறையில் வைத்து அதெல்லாம் எப்படி வரும்?

பிரேக் பார்ப்பதற்காக அவள் பஸ்ஸைக் கொண்டுவந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குள்ளம். வெயிலில் கறுத்த கைகள். நீலச் சட்டை, தோளில் ஒரு சின்னத் துண்டு, நெற்றியில் வேர்வை. மயக்குகிறவளுக்கு வேண்டிய ஒரு லட்சணமும் இல்லை. அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பின்பக்கமாக, இரண்டு லாரிகளுக்கு நடுவில், ஒரே ஓட்டில் கொண்டுவந்து செருகினாள். எங்கள் மெக்கானிக்குகள் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதை நான் மெச்சித்தான் ஆகவேண்டும்.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, ஓட்டுநர்களைக் கண்டாலே எரிந்து விழுகிற சீனக் கிழவர். அவள் இறங்கி நேராக அவரிடம் போய், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டாள். அவர் 'ஓகே, ஓகே' என்று கையை வீசினார். அவள் நகரவில்லை. நின்றாள். அவர் மறுபடி 'ஓகே' என்றார். அப்போதும் நின்றாள். பிறகு கிழவர் கால்சட்டையை மடித்து முழங்காலைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்! அத்தனை வருஷம் அவரிடம் வேலை செய்கிற எனக்கு அவருக்கு முழங்கால் வலி என்பதே அன்றுதான் தெரியும்.

அவளுடைய வித்தை என்ன என்று எனக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. அவள் கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கிறாள். அவ்வளவுதான். நாமெல்லாம் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டுக்கொண்டே நடந்து போய்விடுவோம். பதில் நம் முதுகில் வந்து விழும். அவள் கேட்டுவிட்டு நிற்பாள். இவ்வளவு சின்ன விஷயத்தை இந்த ஊரில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்து என் மேசைக்கு வந்தாள்.

"நீங்கதானே அவரோட அக்கா? கோவத்த அடக்குறப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு," என்றாள்.

ஒற்றுவேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. நான் முறைத்தேன்.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"ம்ம்."

"ம்ம்னா ஆமாவா, இல்லையா?"

காத்திருந்தாள். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, "இல்லம்மா. வீட்டுல சண்டை. ஒண்ணும் எறங்கல," என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ பேர் கேட்டு நான் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னேன்.

பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கிவந்து பிரித்து வைத்தாள். தின்றேன். அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தபோது பாதி ரொட்டி உள்ளே போயிருந்தது. மீதியை வைத்து என்ன செய்வது என்று அதையும் தின்றேன்.

"மருந்து எடுத்தத அவரு சொன்னாருக்கா," என்றாள். "புளுட் ஈத்தாம்னு சொன்னதும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம் ரூமுக்குப் போய் அழுதுட்டேன்."

"ஒன்னயத் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு அழுதியா?"

"இல்லக்கா. பெத்த புள்ளைக்கு யாரோ வெசத்த வச்சிட்டாங்கன்னு ஒரு அம்மா நெசமாவே நம்புனா, அவங்க எப்டி பயந்திருப்பாங்க? அத நெனச்சித்தான்."

அதுவரை நானும் தம்பியும் அம்மாவின் கோபத்தைப் பார்த்தோம், பிடிவாதத்தைப் பார்த்தோம், கறுப்புக் கஞ்சியை நினைத்துச் சிரித்தோம். அம்மாவின் பயத்தைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். பஸ்ஸை எடுத்துக்கொண்டு அவள் போன பிறகும் நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழங்கால், மூக்கு, அழுகை, எல்லாம். அம்மாவின் காதில் ஒன்றுதான் விழுந்தது.

"ரொட்டியா? யாரு கையால குடுத்தா?"

"அவதான்."

"தின்னியா?"

"தின்னேன்."

"அலமாக்! போச்சு! ஒன்னயும் மயக்கிட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நானே போறேன். ஞாயித்துக்கெழம மெர்சிங் போறோம். அவள பெத்தவங்க மூஞ்சுக்கு நேரா, எம்புள்ளய விட்டுறச் சொல்லிட்டு வர்றேன். இதோட முடிஞ்சிச்சு."

தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. அம்மா அங்கே போய் ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அப்புறம் அதை யாரால் அள்ள முடியும்? "நீ கூட இருந்து பாத்துக்கக்கா," என்று மட்டும் சொன்னான். அவன் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா டிபன் கேரியரோடு என் காரில் ஏறினார். கூடவே ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். கேரியரில் சோறும் நெத்திலிக் கருவாட்டுப் புளிக்குழம்பும்.

"மீன் புடிக்கிற ஊருக்கு நெத்திலியாம்மா?"

"அங்க பச்சத் தண்ணி தொடமாட்டேன். மாத்திரை போட்டா நான் சாப்பிடணும்ல?"

 கோத்தா திங்கி தாண்டியும் அம்மா செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு, கேரியரை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். சொல்லப்போவதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உதடுகளைப் பார்த்தால் தெரிந்தது.

ஆற்றோரம் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அவளுடைய அப்பா தீவுகளுக்குப் போகிற படகுத்துறையில் டிக்கெட் விற்கிறவர். சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டார். அவள் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீடு முழுக்க நண்டு மசாலா வாசம். பெண்ணைக் காணோம், சுற்றுலா ஆட்களைப் படகுத்துறைக்கு ஏற்றிவர பஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார்கள்.

"நாங்க கை நனைக்க வரலீங்க," என்றார் அம்மா, உட்காருவதற்கு முன்பே.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. ஒங்க பொண்ணு எம்புள்ளய மயக்கிட்டா. விட்டுறச் சொல்லுங்க. அதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.  அவள் அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அம்மா, விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு பஸ் எடுக்குது எம்பொண்ணு. லீவு நாள்லயும் ஓட்டுது. அதுக்குத் தூங்கவே நேரமில்ல. மயக்குறதுக்கு எங்கம்மா நேரம்?" என்றார். பிறகு, "ஒங்களுக்குப் புடிக்கலன்னா கட்டாயமில்ல. எங்க புள்ளையும் நாதியத்துப் போயிடல," என்றார். குரல் உடைந்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். தம்பிக்கு என்னவென்று சொல்வேன்? அம்மாவும் எழுந்துவிடுவார் என்றுதான் பார்த்தேன். ஆனால் வழியிலேயே நேரமாகிவிட்டதென்று, இறங்குவதற்கு முன் காரிலேயே மாத்திரையைப் போட்டிருந்தார். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றி விழுந்துவிடுவார். வேறு வழியில்லாமல், "ஒரு ஓரமா ஒக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயிர்றோம்," என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கை கழுவக்கூட அவர்கள் வீட்டுத் தண்ணீர் வேண்டாமென்று, வாசலுக்குப் போய்ப் பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து கேரியரைத் திறந்தார்.

குழம்பு வாசம் நண்டு வாசத்தைத் தள்ளிவிட்டுக் கூடமெல்லாம் நிறைந்தது. அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். நீலச் சட்டை, தோளில் துண்டு, வேர்வை. தன் அம்மாவின் அழுத முகத்தையும் அப்பா நின்ற நிலையையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? 

"வாங்க அத்தை," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "என்னா வாசம் இது! நெத்திலிக் கருவாடா? அவரு சொல்வாரே, அந்தக் கொழம்பா?"

"அவன் சொன்னானா?" என்றார் அம்மா.

"பஸ்ல தெனம் இதே பேச்சுதான் அத்தை. எங்கம்மா கொழம்பு மாதிரி ஒலகத்துல இல்லன்னு. எனக்கு காலைலேருந்து சாப்பாடு இல்ல. ஒரே ஒரு வாய் குடுங்க." பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள்.

பசி என்று நீட்டிய கையை அம்மா இதுவரை மறுத்ததில்லை. எதிரியானாலும் மறுக்கத் தெரியாது. சோற்றைப் பிசைந்து உருட்டி அந்தக் கையில் வைத்தார். தன்னை மயக்குகிறவள் என்று பழி சொன்னவர் கையால், அவர் வீட்டில் சமைத்ததை, மருந்து எடுத்த கதையெல்லாம் தெரிந்த அந்தப் பெண் ஒரு நொடி யோசிக்காமல் வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நடிப்பாக இருக்குமோ என்று நான் உற்றுப் பார்த்தேன். இல்லை, பசிதான். விரலிடுக்கை நக்கினாள், அதை நடிக்க முடியாது.

"ஐயோ அத்தை! என்னா போட்டீங்க இதுல? ஆள இப்டி மயக்குதே!"

 அவள் என் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பாளே, அப்படி.

அம்மா இன்னொரு உருண்டை உருட்டி வைத்தார். அவள் அதையும் தின்றுவிட்டுக் காத்திருந்தாள்.

"வெந்தயமும் பச்சரிசியும் வறுத்துப் பொடிச்சு வச்சிக்கணும்," என்றார் அம்மா, மெதுவாக. "எறக்குறப்ப ஒரு சிட்டிகை தூவி ஒடனே மூடிறணும். மூடலன்னா வாசம் போயிரும்."

எனக்குச் சொல்லாததை! கொடியில் துணி காயுது என்று என்னை விரட்டிவிட்டு, அத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததை!

"நல்லா இருக்கா?" என்றும் கேட்டார். அம்மா அப்படிக் கேட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"நல்லா இருக்காவா? இத தெனம் தின்னுட்டு ஒங்க புள்ள எப்டி அத்தை வேலைக்குப் போறாரு? நானா இருந்தா வீட்டோட இருந்துருவேன்."

அம்மா உருட்டினார், அவள் வாங்கினாள். எண்ணெய் மிதக்கிற அடிக்குழம்பைச் சாய்த்து ஊற்றிப் பிசைந்தார். கருவாட்டைத் தேடி எடுத்து உருண்டைக்குள் வைத்தார். தம்பிக்குச் சின்ன வயதில் அப்படித்தான் வைப்பார். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை சும்மா இல்லை. அவள் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கடைசி உருண்டையை வாயில் போட்ட பிறகுதான் அவள் கேரியரைப் பார்த்தாள். பதறிப்போனாள்.

"ஐயய்யோ! ஒங்க சோத்த பூரா தின்னுட்டேனே! அத்தை, மாத்திரை போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு," என்றேன் நான்.

"அம்மா, என்னா செய்றது? அத்தை நம்ம வீட்டுல சாப்பிடமாட்டாங்களே!" என்று தன் தாயைப் பார்த்தாள். நிஜமாகவே பயந்துவிட்டாள். அந்தப் பயத்தை என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா காலிக் கேரியரை மூடி, கொக்கியை மாட்டினார். பக்கத்தில் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதைத் தொடவில்லை. குழம்பு காய்ந்த கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் தோளில் ஊன்றி எழுந்து, அந்தப் பெண்ணின் தாயைப் பார்த்தார்.

"கை கழுவுற எடம் எங்க இருக்கு, சம்பந்தி?"